ஹீமோகுளோபின் மஹாகுவால்

மஹாகுவால் ஊரில் ஏழு கணவர்களின் ரத்தத்தில் ஒரே அபூர்வம் இருப்பதாகத் தெரியவந்த அன்று, டாக்டர் ஒரெஸ்தெஸ் தன் கையாலேயே காப்பி போட்டு மரபியல் மையத்தில் எல்லோருக்கும் கொடுத்தார். பதினோரு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கும் நெரெய்தாவுக்கு, இந்த இரண்டில் எது பெரிய அபூர்வம் என்று சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

நெரெய்தா மரபியல் ஆலோசகர். கர்ப்பிணிகளின் வீடு வீடாக சைக்கிளில் போய், யாருக்கு யார் பிறந்தார், யார் எதனால் செத்தார் என்று கேட்டு எழுதி, ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டு வம்சப் படம் வரைவது அவள் வேலை. கியூபாவில் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தவுடனே எல்லாப் பெண்களும் ஒரு குழாய் ரத்தம் கொடுத்துவிட வேண்டும். அரிவாள் செல் நோயின் கூறு அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தாயிடம் மட்டும் இருந்தால் கவலையில்லை. தாயிடமும் தகப்பனிடமும் இருந்தால், பிள்ளை அந்த நோயோடு பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால் தாயிடம் கூறு தெரிந்ததும் கணவனுக்கு ஆள் அனுப்புவார்கள். கணவன் செவ்வாய்க்கிழமை காலை பாலிகிளினிக் வரிசையில் நின்று ரத்தம் கொடுக்க வேண்டும். சட்டம் அவ்வளவு எளிது. வரிசைதான் எளிதல்ல.

அப்படி நாலு மாதத்தில் வந்த கணவர்களில் ஏழு பேருடைய ரத்தம், ஹீமோகுளோபினைக் கோடு கோடாகப் பிரித்துக் காட்டும் ஜெல் பட்டையில் ஓடியபோது, எல்லோருக்கும் நிற்கிற இடத்தில் நிற்காமல் கோடு ஒரு நூல் தள்ளி நின்றது. அது அரிவாள் கூறும் இல்லை, சாதாரணமும் இல்லை. புத்தகங்களில் தேடிய டாக்டருக்கு அது எங்கேயும் கிடைக்கவில்லை.

"நெரெய்தா, இது புதுசு," என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே. "உலகத்துக்கே புதுசு."

புதிதாகக் கண்டுபிடிக்கும் ஹீமோகுளோபினுக்கு அது கிடைத்த ஊரின் பெயரை வைப்பது இந்தத் துறையின் வழக்கம். டாக்டர் அன்றே ஒரு காகிதத்தில் 'ஹீமோகுளோபின் மஹாகுவால்' என்று எழுதி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தன் பெயரை வைக்க முடியாதது அவருக்கு வருத்தம்தான். ஆனால் ஊர்ப் பெயர் வருகிற இடத்திலெல்லாம் அடிக்குறிப்பில் கண்டுபிடித்தவர் பெயரும் வரும் என்பது ஒரு ஆறுதல்.

அந்த ஏழு தம்பதிகளையும் கூப்பிட்டு அவரே நல்ல செய்தி சொன்னார். ஐந்து நிமிடம் யோசித்து எடுத்த முடிவு அது: கணவர்களிடம் இருப்பது அரிவாள் கூறு அல்ல, தீங்கில்லாத ஒரு விசேஷம், அதனால் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் சோதனை ஒருவருக்கும் தேவையில்லை. போகும்போது ஆளுக்கொரு பாராட்டுக் கடிதமும் கொடுத்தார். உலக விஞ்ஞானத்துக்கு ரத்தம் தந்ததற்காக.

அந்த ஏழு மனைவிகளில் ஒருத்தி யுதெல்கிஸ். தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்கார்ந்து முத்திரை குத்துகிறவள். அவளுடைய தம்பி அரிவாள் செல் நோயோடு பிறந்து, பதினோரு வயதில் போனான். மழைக்காலம் வந்தால் எலும்புக்குள் யாரோ கத்தி சொருகியது போல அவன் அலறுவான் என்று வம்சப் படம் வரையப் போன நெரெய்தாவிடம் அவள் சொல்லியிருந்தாள். அந்தச் சதுரத்தைக் குறுக்குக்கோடு போட்டு அடித்தது நெரெய்தாதான்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்த யுதெல்கிஸ், வராண்டாவில் நெரெய்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உறுதியாத்தானே சொல்றார்?"

"உறுதிதான் கண்ணு," என்றாள் நெரெய்தா. சொன்னாளே தவிர, அவளுக்கே அது உறுதிப்படவில்லை.

காரணம் இருந்தது. ஏழு கணவர்களுடைய வம்சப் படங்களையும் மேசையில் பரப்பினால், ஒன்றோடொன்று எங்கேயும் தொடவில்லை. ஒருவன் ஹைத்தியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்களின் வழி. ஒருவனுக்குச் சீனத்துப் பாட்டனார். யுதெல்கிஸின் கணவன் ரெய்னியேர், பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன், குடும்பத்தோடு பராகோவாவிலிருந்து குடிவந்தவன். ஒரு புது ரத்தம் ஏழு பேருக்கு வர வேண்டுமென்றால் எங்கேயோ ஒரு பொது மூதாதை இருந்தாக வேண்டும். இவர்களுக்குப் பொதுவாக இருந்தது ரேஷன் கடை மட்டும்தான்.

டாக்டர் இதற்கெல்லாம் அசரவில்லை. தேவாலயப் பதிவேட்டைப் புரட்டி, நூற்றிருபது வருஷத்துக்கு முன் கனேரித் தீவிலிருந்து ஆர்கன் வாத்தியம் சரிசெய்ய வந்த ஒருவன் நாலு மாதம் ஊரில் தங்கியிருந்தான் என்று கண்டுபிடித்தார். ஒரு ஆர்கனைச் சரிசெய்ய நாலு மாதம் ஏன்? அங்கேதான் இருக்கிறது விஷயம் என்றார். பெரிய தாள் ஒன்றின் உச்சியில் அவனை ஒரு சதுரமாக வைத்து, அங்கிருந்து ஏழு குடும்பங்களுக்கும் பச்சை மையால் புள்ளிக்கோடு இழுத்தார். நிரூபிக்கப்படாத உறவுக்குப் புள்ளிக்கோடு போடுவது முறை.

முறை தெரியாத ஊர் அது. மூன்றே நாளில் ரெய்னியேருடைய அம்மா ஃப்ளோரிந்தா, சந்தையில் வாங்கிய வாழைத்தாரோடு நேராக மையத்துக்குள் வந்து நின்றாள்.

"டாக்டர் ஒரெஸ்தெஸ் யாரு? நீங்கதானா?"

"ஆமா தாயே. உக்காருங்க."

"உக்கார வரல. எங்க பாட்டியோட அம்மா, ஆர்கன் ரிப்பேர்காரன் கூடப் போனாள்னு படம் போட்டு வச்சிருக்கீங்களாமே. எங்க அந்தப் படம்?"

"அது புள்ளிக்கோடுதான் தாயே. இன்னும் உறுதியாகல."

"புள்ளிக்கோடுன்னா? பாதி மானம் போனா பரவாயில்லையா?" வாழைத்தார் மேசைமேல் விழுந்தது. "எங்க ஆளுங்க இந்த ஊருக்கு வந்தே முப்பது வருஷம்தான் ஆகுது. அந்தம்மா பராகோவாவ விட்டு ஒரு நாளும் நகரல. இவன் இங்க ஆர்கனைப் பிரிச்சுப் போட்டுட்டு, அங்க போக மூணு நாள் குதிரை ஏறினானா? அப்பறம் மறுபடி வந்து ஆர்கனை மாட்டினானா?"

"ஆண்கள் அந்தக் காலத்துல நிறையப் பிரயாணம் பண்ணினாங்க தாயே."

"நீங்க பண்றதா இருந்தா இப்பவே பண்ணுங்க. கதவு அங்க இருக்கு."

அவள் போனபின் டாக்டர் அந்தப் புள்ளிக்கோட்டின் ஓரத்தில் 'குதிரை?' என்று எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை முட்டை வந்திருப்பதாகச் செய்தி வந்து, நெரெய்தா பையோடு போனாள். கடை வாசலில் ஐம்பது பேர் சிதறி நின்றிருந்தார்கள். அங்கே யாரும் ஒருவர் முதுகை ஒருவர் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. வந்ததும் கேட்க வேண்டும். யார் கடைசியோ அவரை நினைவில் வைத்துக்கொண்டு நிழலில் போய் உட்காரலாம்.

"கடைசி யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்," என்று ஒரு ஒல்லியான கை எழுந்தது. எல்பீதியோ. ஊருக்குத் தெரிந்த வரிசைக்காரன். வேலைக்குப் போகிறவர்களுக்காக வரிசையில் நிற்பது அவன் தொழில். ஆளுக்குக் கொஞ்சம் காப்பித்தூளோ ஒரு சோப்போ கொடுப்பார்கள்.

"நீ யாருக்குப் பின்னால?"

"எனக்குப் பின்னாலதான். அதோ அந்த மஞ்சச் சட்டைக்கு அப்பறம் நான் ஸ்கூல் வாத்தியார். வாத்தியாருக்கு அப்பறம் நான் பேக்கரி ரெய்னியேர். ரெய்னியேருக்கு அப்பறம் நான், நானேதான்."

"ஆக நீயே மூணு பேரு."

"முட்டைங்கறதால மூணு. சமையல் காஸ்னா ஒம்போது பேர் வரைக்கும் இருந்திருக்கேன்." சொல்லிக்கொண்டே முழங்கையின் உள்பக்கத்தைச் சொறிந்துகொண்டான். அங்கே பழுத்த மாம்பழ நிறத்தில் ஒரு கன்றல்.

"கையில என்ன?"

"உங்க ஆஸ்பத்திரிதான் அக்கா. நர்ஸ் கச்சித்தா குத்தினா இப்பிடித்தான். அவளுக்குக் கை கனம்."

நெரெய்தா அவன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "உனக்கு எதுக்கு ரத்தம் எடுத்தாங்க? உனக்குக் கல்யாணமே ஆகலையே."

"எனக்கில்ல. ரெய்னியேருக்கு. செவ்வாக்கிழம அவன் அடுப்ப விட்டு வரமுடியாது, என்ன நிக்கச் சொன்னான். முறை வந்துடுச்சு, ஆளக் காணோம். மூணு மணி நேரம் நின்ன வரிசைய விட்டுட்டு வர்றதா? முட்டைன்னா முட்டைய வாங்கி வைக்கறேன். ரத்தம்னாங்க, குடுத்தேன்."

"பேரு கேக்கலையா?"

"கேட்டாங்களே. 'ரெய்னியேர்'னு கூப்பிட்டாங்க. 'ஆஜர்'னேன்."

"ரெய்னியேருக்கு மட்டுமா?"

எல்பீதியோ விரல்விட்டு எண்ணினான். இன்னொரு கைக்கு மாறியபோதே நெரெய்தாவுக்கு விடை தெரிந்துவிட்டது. "ஏழு பேருக்கு. நல்ல வரிசை அக்கா அது. முடிஞ்சதும் ஒரு பன்னும் ஜூஸும் தர்றாங்க."

பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த ஒரு கிழவர், "அதான் பய இப்பிடி வத்திப்போயிட்டான்," என்றார்.

நெரெய்தா முட்டையை மறந்து சைக்கிளை எடுத்தாள். கச்சித்தா வீட்டில் கறுப்பு பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒல்லிப் பயலா? தெரியுமே. ரெண்டாவது தடவ வந்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, இவன் ரெண்டு வீட்ட வச்சிருக்கான்னு. கண்ணடிச்சேன். அவனும் அடிச்சான். அப்பறம் மூணு, நாலு, ஏழுன்னு போச்சு. நம்ம ஊருல அதுக்கு மேல ஒரு ஆம்பளையக் கேள்வி கேக்கறது மரியாதையா சொல்லு?"

"ஒவ்வொரு தடவையும் வேற வேற பேரு சொல்லிக் கூப்பிட்டியே!"

"ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பேரு சொல்லியிருப்பான்னு நெனச்சேன். அவன் கெட்டிக்காரன்னுகூட நெனச்சேன்."

அன்றிரவு நெரெய்தா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். யுதெல்கிஸுக்குப் பதினெட்டு வாரம் முடிந்துவிட்டது. இருபது தாண்டினால் மாகாண மருத்துவமனையில் பனிக்குடச் சோதனைக்கு ஊசி போட மாட்டார்கள். ரெய்னியேரின் உண்மையான ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. 'உறுதிதான் கண்ணு' என்று சொன்னது ஒரெஸ்தெஸ் அல்ல.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் டாக்டரிடம் வரிசையாகச் சொன்னாள். அவர் கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அச்சிட்ட நிகழ்ச்சி நிரலை எடுத்து அவள் முன் வைத்தார். தலைநகரில் தேசிய மாநாடு, இன்னும் பதினாலு நாள். அதில் இரண்டாம் நாள் காலை, அவர் பெயர்.

"பாருங்க, அச்சாகிடுச்சு," என்றார், அதுவே ஒரு நிரூபணம் என்பது போல.

"டாக்டர், ஏழும் ஒரே ஆளோட ரத்தம்."

"அது ஒரு வரிசைக்காரன் சொல்றது. நான் ஜெல் சொல்றதச் சொல்றேன்."

"அப்ப மறுபடி ஏழு பேருக்கும் எடுத்துப் பாத்துடலாம். யுதெல்கிஸுக்குப் பதினெட்டு வாரம் முடிஞ்சுபோச்சு."

"வேதிப்பொருள் எல்லாம் எண்ணி வந்திருக்கு நெரெய்தா. ஒரு வதந்திக்காக ஏழு சோதனை வீணாக்க முடியாது. மாநாடு முடியட்டும், பொறுமையாப் பாக்கலாம்."

"வயித்துல இருக்கற பிள்ள பொறுமையா இருக்காது டாக்டர்."

"உணர்ச்சிவசப்படறீங்க," என்றார் அவர் பரிவோடு. விஞ்ஞானம் தெரியாதவர்களிடம் அவர் எப்போதும் பரிவாகத்தான் இருப்பார்.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. பதினோரு வருஷத்தில் ஒரு நோயாளிக்காக இந்த மனிதர் அவசரக் கையெழுத்துப் போட்டு அவள் பார்த்ததே இல்லை. தனக்காக என்றால் எழுந்து நின்றே போடுவார். பூட்டை மறுபடி மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

"டாக்டர், ஒரு சின்ன சந்தேகம். மாநாட்டுல யாராவது எந்திரிச்சு, 'ரெண்டாவது மாதிரி எடுத்து உறுதி பண்ணீங்களா'ன்னு கேட்டா?"

"யார் கேக்கப் போறா?"

"சாந்தியாகோ பேராசிரியர் வர்றாராமே. முன்வரிசைல உக்காருவார்னு கேள்வி."

சாந்தியாகோ பேராசிரியர் போன மாநாட்டில் ஒரெஸ்தெஸின் உரை நடக்கும்போது கொட்டாவி விட்டவர். டாக்டர் பேனாவைத் தேடினார். ஏழு சோதனைக் கோரிக்கைகளிலும் பச்சை மையால் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொன்றின் தலைப்பிலும் 'ஹீமோகுளோபின் மஹாகுவால் — உறுதிப்படுத்தல், மிக அவசரம்' என்று தானே எழுதினார். வேதிப்பொருள் எண்ணி வந்தது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அவளும் நினைவூட்டவில்லை.

மறுநாள் செவ்வாய். நெரெய்தா அடையாள அட்டையை மட்டும் நம்பவில்லை. வாசலில் ஃப்ளோரிந்தாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். ஊரில் எல்லார் முகமும் அவளுக்குத் தெரியும். ஏழு கணவர்களையும் முந்தின நாள் சாயங்காலம் நெரெய்தாவே வீடு வீடாகப் போய், மனைவிகள் முன்னாலேயே கூப்பிட்டிருந்தாள். கூப்பிட்டபோது ஒருவனும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. பழக்கம் விடாமல் எல்பீதியோ விடியற்காலையிலேயே வந்து முதல் ஏழு இடத்தையும் பிடித்து வைத்திருந்தான். கணவர்கள் ஏழு மணிக்கு வந்து அவரவர் இடத்தை வாங்கிக்கொண்டார்கள். அதில் ஃப்ளோரிந்தா ஆட்சேபம் சொல்லவில்லை. வரிசை வேறு, ரத்தம் வேறு.

ரெய்னியேர் கை முழுக்க மாவோடு வந்தான். ஊசியைப் பார்த்ததும் அவன் முகமும் மாவாகிவிட்டது.

"அடுப்பு வேல, வரமுடியல, அப்பிடின்னெல்லாம் சொன்னியே," என்றாள் அம்மா. "இதுக்காடா?"

"அம்மா, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் பாரேன்."

"நான் ஏன் அந்தப் பக்கம் பாக்கணும்? இந்தப் பக்கம் பாக்கத்தான் நாற்காலி போட்டிருக்கு."

கச்சித்தா குத்துவதற்குள் அவன் மயங்கிச் சரிந்தான். மயக்கத்திலேயே ரத்தம் எடுத்தார்கள். அதுவும் அவன் ரத்தம்தான் என்று ஃப்ளோரிந்தா சாட்சி சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஜெல் வந்தது. நூல் தள்ளி நின்ற கோடு ஒருவனிடமும் இல்லை. ஆறு பேருக்குச் சாதாரணக் கோடு. ஏழாவதில் இரண்டு கோடு; இரண்டாவது, அரிவாள் கூறு நிற்கும் இடத்தில் சரியாக நின்றது. குழாயில் ஒட்டியிருந்த பெயரை நெரெய்தா மூன்று முறை படித்தாள். ரெய்னியேர்.

டாக்டர் அந்தப் பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விளக்கடியில் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார். கடைசியில், "கச்சித்தா சரியா எடுத்திருக்க மாட்டா," என்றார்.

நெரெய்தா பதில் சொல்ல நிற்கவில்லை. தபால் நிலையத்துக்குப் போனாள். கவுண்டரில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். யுதெல்கிஸ் அவள் முகத்தைப் பார்த்ததுமே முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவருக்கும் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க உறுதின்னு சொன்னீங்க."

"சொன்னேன். தெரியாமச் சொன்னேன். நான் சொல்லியிருக்கக் கூடாது."

யுதெல்கிஸ் முத்திரைக் கட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "பாராட்டுக் கடுதாசிய அவர் வீட்டுல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கார். அத என்ன பண்றது?" அதைக் கேட்டபோதுதான் அழுகை வந்தது.

திங்கட்கிழமை கணவனும் மனைவியும் மாகாண மருத்துவமனைக்குப் போனார்கள். பத்தொன்பது வாரமும் நாலு நாளும். பனிக்குட நீர் எடுத்து முடியும்வரை ரெய்னியேர் வெளியே பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். அவனுக்காக இந்த முறை அவனேதான் உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் ஒரெஸ்தெஸ் மாநாட்டுக்குப் போகாமல் இல்லை. பெயர் அச்சாகிவிட்டதே. தலைப்பை மட்டும் மாற்றினார்: 'மாதிரி சேகரிப்பில் ஆள்மாறாட்டம்: மஹாகுவால் எச்சரிக்கை'. விழிப்பான ஓர் ஆய்வாளர் எப்படி எதையும் இருமுறை சோதிக்க வேண்டும் என்று இருபது நிமிடம் பேசினார். இரண்டாம் மாதிரி எடுக்கச் சொல்லித் தான் இட்ட ஏழு கையெழுத்துகளையும் திரையில் பெரிதாகக் காட்டினார். சாந்தியாகோ பேராசிரியர் எழுந்து நின்று கைதட்டினாராம். நெரெய்தாவின் பெயர் எங்கேயும் இல்லை. 'எங்கள் குழு' என்று ஒரு இடத்தில் வந்தது. ஒரு பட்டயமும் கொடுத்தார்கள். அது இப்போது ஆர்கன்காரனின் சதுரம் இருந்த சுவரில் தொங்குகிறது.

திரும்பி வந்ததும் அவருக்கு இன்னொன்று தோன்றியது. ஏழு பேரிடம் இல்லாவிட்டாலும், எல்பீதியோ ஒருவனிடம் அந்த அபூர்வம் இருக்கத்தானே இருக்கிறது? உடனே அவனுக்கு ஆள் அனுப்பினார். செவ்வாய்க்கிழமை கச்சித்தா "எல்பீதியோ!" என்று கூப்பிட்டாள். தொப்பை வைத்த ஒருவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"ஆஜர்."

"நீ எல்பீதியோவா?"

"அவர் கோழி வரிசைல மாட்டிக்கிட்டார் தோழரே. என்ன நிக்கச் சொன்னார்."

அதற்கடுத்த வாரம் மாகாணத்திலிருந்து உறை வந்தது. நெரெய்தா அதைத் தபால் நிலையக் கவுண்டர் வழியாக உள்ளே நீட்டினாள். யுதெல்கிஸ் பிரிக்க மாட்டேன் என்றாள். நெரெய்தாதான் பிரித்தாள்.

"பையன். உன்ன மாதிரி, அவரு மாதிரி. ஒரு கூறுதான் இருக்கு. நோய் இல்ல. வலிக்காது."

யுதெல்கிஸ் அவளையே பார்த்தாள். "இந்தத் தடவ உறுதியா அக்கா?"

அந்தச் சொல்லைச் சொல்ல நெரெய்தாவுக்கு நாக்கு எழவில்லை. "உன் வயித்துல அவன் ஒருத்தன்தான் இருந்தான்," என்றாள். "அங்க அவனுக்காக வேற யாரும் நின்னிருக்க முடியாது."

யுதெல்கிஸ் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் தொடங்கினாள். வரிசையிலிருந்து ஒரு குரல், "ஏம்மா, வீட்டுக் கதைய வீட்டுல பேசுங்க, இங்க நகருமா நகராதா?" என்றது.

"நகரும், நகரும்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, யுதெல்கிஸ் முத்திரைக் கட்டையை எடுத்தாள். "அடுத்தது யாரு? நீங்கதானா? உங்களுக்காகவா, இல்ல வேற யாருக்காவதா?"